அவர் போட்ட பதினொரு பேர்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. ஒன்பது குடம் பிடித்தேன். சாளை மீன் வாங்கிக் கழுவி, பாதியைக் குழம்புக்கும் பாதியைப் பொரிப்பதற்கும் வைத்தேன். மாலையில் இவரோடு வாசகசாலைக்குப் போனேன். கால்பந்துப் பருவத்தின் முதல் புள்ளிப் பட்டியலை வாசகசாலைப் பொறுப்பாளன் ததேயு கரும்பலகையில் எழுதுகிற நாள்.

இந்த விளையாட்டைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதில்லை. இங்கிலாந்து கால்பந்து லீக்கில் ஆடுகிறவர்களிலிருந்து பதினொரு பேரைப் போனில் பொறுக்கி, கற்பனையாக ஓர் அணி போடவேண்டும். அவர்கள் அங்கே நிஜமாகக் கோல் அடித்தால் இங்கே நமக்குப் புள்ளி ஏறும். கேப்டனாக ஒருவரைக் குறித்தால் அவருடைய புள்ளி இரட்டிப்பாகும். சனிக்கிழமை மதியம் மூன்றரைக்குக் கதவு அடைத்துவிடும். அதற்குப் பிறகு மாற்றமுடியாது. எங்கள் ஊர் அருளன்துறையில் பதினான்கு பேர் ஆடுகிறார்கள். அதில் எங்கள் மகன் லிஜோ மஸ்கட்டில் இருந்தபடியே ஆடுகிறான். கடைசி இடத்துக்காரர் கோல் போஸ்ட்டுக்கு வெள்ளையடிக்கவேண்டும். பந்தயம் அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் பெயர்கள் வாயில் நுழையாததால் ஊரில் ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கோல் அடிக்கிற உயரக்காரர் நெட்டையன். வேகமாக ஓடுகிற பையன் முயல். நடுவரிடம் எப்போதும் வாதாடுகிற தடுப்பாட்டக்காரர் வக்கீல். பதறாமல் பந்தைக் கொடுத்து வாங்குகிறவர் பாதிரியார்.

இவர் மூன்றாவது இடத்தில் இருக்கிறார். மின்வாரியத்தில் இருந்த காலத்தில் முப்பது வருடம் ஞாயிறுதோறும் நடுவராக விசில் ஊதியவர் இல்லையா, ஆட்டக்காரனின் நடையைப் பார்த்தே அவன் கோல் அடிப்பானா என்று சொல்லிவிடுவார். ஊரில் இவரை சில்வேரியுஸ் என்று கூப்பிட ஆள் கிடையாது. ரெப்ரி அண்ணன்தான்.

ஆகஸ்ட் 30, சனி

ஓர் அணியின் பலத்தை எப்படி எடைபோடுவது என்று இவரிடம் கேட்டேன். எனக்குப் புரிந்ததை என் வழியில் எழுதி வைக்கிறேன்.

ஒரு வகுப்பில் நன்றாகப் படிக்கிற பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் பலமானதா என்றால், அது தெரியாது. முதலில், தேர்வு நாளில் எத்தனை பேர் வருவார்கள்? காய்ச்சலில் கிடக்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் அன்று அவனுக்குச் சுழியம்தான். இரண்டாவது, வினாத்தாள் கடினமா எளிதா? அதாவது எதிரணி யார்? மூன்றாவது, கேப்டன். நான்காவது, ஒருவன் வரவில்லையென்றால் அவன் இடத்தில் உட்கார வெளியே யார் இருக்கிறார்கள்?

இவர் சிரித்தார். "முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்த டீச்சரு இல்லியா. அஞ்சாவது ஒண்ணு இருக்கு பெர்ணா."

"என்னது?"

"போட்டவன் யாருன்னு பாக்கணும். டீமைப் பாத்தா போட்டவனுக்க தலைக்குள்ள இருக்கது தெரியும்."

இன்று மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொண்டார். பிரஷர் மாத்திரைதான், ஒன்றும் ஆகவில்லை. டப்பாவின் மூடி இரண்டும் ஒரே நிறம். வேறு நிறத்தில் ஒன்று வாங்கவேண்டும்.

செப்டம்பர் 13, சனி

மதியம் சாப்பிட்டுவிட்டு இவர் படுத்திருந்தார். கரண்டு பில் பார்க்க இவருடைய போனை எடுத்தேன். அணி திறந்தபடி இருந்தது. கேப்டன், முயல். முயலுக்குப் போன வாரம் கால் எலும்பு முறிந்து வருடம் முழுக்க ஆட்டம் கிடையாது என்று ஊரே பேசியது. அந்தச் செய்தியை என்னிடம் சொன்னவரே இவர்தான்.

கண்ணாடியின் பவர் மாறியிருக்கும். சின்ன எழுத்து. விரல் தவறிப் பட்டிருக்கும்.

மணி மூன்றே கால். எழுப்பலாமென்று கட்டிலருகே போனேன். நல்ல தூக்கம். கேப்டனை நெட்டையனுக்கு மாற்றி, முயலை வெளியே எடுத்தேன். கைத்தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பது என் வழக்கம்.

செப்டம்பர் 15, திங்கள்

நெட்டையன் மூன்று கோல். வாசகசாலையில் இவருக்குக் கைதட்டல்.

செப்டம்பர் 20, சனி

வக்கீலுக்குச் சிவப்பு அட்டை, இந்த வாரம் ஆடமுடியாது. ஆனால் அணியில் இருந்தார். முயல் திரும்ப வந்து கேப்டனாக உட்கார்ந்திருந்தார். பாதிரியாரை எடுத்து, சேர்த்து, எடுத்து, சேர்த்து வைத்திருக்கிறார். மூன்றையும் சரிசெய்தேன்.

எழுந்ததும் தினசரிக் காலண்டரில் காலையில் கிழித்த தாளைத் தேடி எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று கேட்டேன். "சும்மா" என்றார்.

செப்டம்பர் 24, புதன்

குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது. நான் போட்டிருப்பேன். குளச்சலில் குடை ரிப்பேருக்குக் கொடுக்கப் போனவர் மூன்று மணி நேரம் கழித்து ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆட்டோக்காரர் என்னைத் தனியாக அழைத்தார். "அம்மா, ஐயா பஸ் ஸ்டாண்டுல பத்து வாட்டி சுத்திட்டு இருந்தாவ. ஊரு பேரு கேட்டா யோசிக்காவ. நல்ல வேள, உங்க ஊரு பொண்ணு ஒண்ணு ரெப்ரி மாமான்னு கூப்பிட்டுச்சு." குடை கையிலேயே இருந்தது.

இன்று வெயில் கடுமையாக இருந்தது.

செப்டம்பர் 29, திங்கள்

பட்டியலில் இரண்டாவது. ததேயு பலகையில் பெயருக்குக் கீழே கோடு போட்டு, "பிள்ளைகளா, பாத்துப் படிங்க. எழுபத்தொண்ணு வயசு!" என்றான். இவர் எழுந்து நின்று, தொப்பி இல்லாத தலையில் தொப்பியைத் தூக்குவது போலக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முந்தாநாள்தான் ஆறு பேரை மாற்றியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து லிஜோவைக் கூப்பிட்டேன்.

"மக்கா, அப்பாவுக்கு ஒரு மாதிரியா இருக்குடே. மறதி. வழி தெரியாமப் போயிட்டாரு. நீ ஒருக்க வந்து பாரேன்."

"அம்மா, எனக்கு மறதி இல்லியா? நேத்து காரை எங்க விட்டேன்னு அர மணிக்கூர் தேடினேன்."

"இது அப்பிடி இல்ல."

"அப்பா ரெண்டாவது நிக்காரும்மா! நான் எட்டாவது. ஆள் ஆளா யோசிச்சி, எதிரணி பாத்து, வெளிய யாரு இருக்கணும்னு பாத்துப் போட்டிருக்காரு. ஒவ்வொரு வாரமும் கதவடச்ச ஒடனே மொதல்ல அவரு டீமத்தான் பாப்பேன். பாத்தா எனக்கு நிம்மதி. அந்தத் தலையில கோளாறா? நீங்க தனியா இருந்து பயந்துக்கிடுதிய."

உடம்பைப் பார்த்துக்கொள், கீரை சாப்பிடு என்று சொல்லி வைத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

நாகர்கோவிலில் நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். கண் டாக்டர் என்று சொல்லி அழைத்துப் போனேன். வாசல் பலகையைப் படித்துவிட்டு இவர் செருப்பைக் கழற்றினார்.

சின்ன வயது டாக்டர், பொறுமையான பெண். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அழகாக வந்தது. எண்கள் பன்னிரண்டும் வலப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பஸ்ஸில் படியில் தொங்குகிற பிள்ளைகளைப் போல. டாக்டர் தாளை ஓரமாக வைத்தார்.

"வீட்ல நீங்களே தனியா செய்றது என்னல்லாம் ஐயா?"

இவர் போனை எடுத்து நீட்டினார். "இது நான் போட்டது. பதினாலு பேர்ல ரெண்டாவது."

டாக்டரின் அண்ணனும் இதை ஆடுவாராம். விரலால் தள்ளித் தள்ளி எல்லா வாரத்தையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சந்தேகம் இருக்கத்தான் செய்யுது அம்மா. ஆனா இவ்வளவு திட்டமிட்டு வாரா வாரம் செய்றவருக்கு இப்ப அவசரமா மருந்து தொடங்க வேண்டாம்னு தோணுது. ஆறு மாசம் பாப்போம்."

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பக்கத்தில் இவர், நேராக நிமிர்ந்து, ஆட்டத்துக்கு முன் தேசியகீதத்துக்கு நிற்கிறவரைப் போல உட்கார்ந்திருந்தார். சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாஸ் ஆயிட்டேன், இல்லியா?" என்றார்.

அக்டோபர் 18, சனி

பதினொன்றில் ஒன்பது பேர். ஒன்பது பேரை மாற்றினேன். மூன்று பேருக்கு இந்த வாரம் ஆட்டமே இல்லை, இரண்டு பேர் அடிபட்டவர்கள், கேப்டன் வழக்கம்போல முயல். இனி இதைத் திருத்தம் என்று சொல்லமுடியாது. ஒரு பிள்ளையின் விடைத்தாளில் பெயரைத் தவிர மற்றதெல்லாம் என் கையெழுத்து.

சொந்த மகனுக்குக் காலாண்டில் முப்பத்து மூன்று போட்டவள் நான். முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. தலைமையாசிரியரே, "டீச்சர், ரெண்டு மார்க்குதானே" என்றார். முடியாது என்றேன். அப்படிப்பட்டவள் இப்போது வாரா வாரம், இவர் தூங்கும்போது, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறேன்.

நிறுத்தினால்? ஒரே வாரத்தில் பலகையில் தெரிந்துவிடும். சிரிப்பார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள், அதுதான் தாங்காது. நிறுத்தாவிட்டால் மகன் வரமாட்டான், மருந்து இல்லை, ஆறு மாதம் இப்படியே போகும். இந்தக் கணக்கை எந்தப் பக்கமிருந்து போட்டாலும் விடை வரவில்லை.

ஆண்டவரே, எனக்கு ஒரு வழி காட்டும்.

அக்டோபர் 25, சனி

ஏழு பேர். முருங்கைக்கீரை. ரேஷன் வாங்கவேண்டும்.

நவம்பர் 1, சனி

நாளை கல்லறைத் திருநாள். மூன்று இருபதுக்குள் இவருடைய அணியை முடித்து, போனைத் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மாமனார் மாமியார் கல்லறையைக் கழுவப் போனேன். மூன்றரைக்குக் கதவு அடைத்துவிடும், பயமில்லை என்று நிதானமாகக் கழுவினேன்.

ஐந்து மணிக்குத் திரும்பினேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன். போனுக்குப் பக்கத்தில் காலண்டர் தாள்கள், ஐந்தாறு. பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில் பென்சிலால் பதினொரு பதினொரு பெயர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் தான் போட்ட அணியை எழுதி வைத்திருக்கிறார். தனக்கு மறக்கிறது என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

"பெர்ணா, எனக்க போன யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல்லியே."

"காலையில போட்டது வேற, தூங்கி முழிச்சப்போ இருந்தது வேற. நல்ல வேள, அப்போ இன்னும் கதவு அடைக்கல்ல. திரும்ப எனக்கத மாத்திப் போட்டுட்டேன்."

"மூணரைக்கே அடைச்சிருக்குமே."

"இங்கிலாந்துல கடிகாரம் மாத்திட்டானுவ. அக்டோபர் கடைசில ஒரு மணிக்கூர் பின்னால தள்ளுவானுவ. இனி நமக்கு நாலரை." சாதாரணமாகச் சொன்னார். "வருஷா வருஷம் உள்ளதுதானே, டீச்சருக்குத் தெரியாதா?"

தெரியாது. ஊர்ப் பெயரை மறந்தவருக்கு இது நினைவிருக்கிறது.

யாரும் எடுக்கவில்லை என்று இன்னொரு முறை சொன்னேன். பிறகு புளி ஊறவைத்தேன்.

நவம்பர் 3, திங்கள்

எழுதுவதற்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

ததேயு பலகையில் எழுதிக்கொண்டே வந்தவன் இவர் பெயரில் நின்றான். "ரெப்ரி அண்ணே, என்ன இது? ஒம்பது புள்ளி! கால் ஒடிஞ்சவன கேப்டனாப் போட்டிருக்கிய?"

சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. இவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"இந்த ஒம்பது புள்ளி எனக்க டீம். இது சரி. முன்ன அஞ்சு வாரம் வந்தது எனக்க டீம் இல்ல. நான் போட்டது இந்தா இருக்கு. எவனோ மாத்தியிருக்கான்."

பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "அந்த அஞ்சு வாரமும் நீங்க மேலல்லா ஏறினிய? திருடன் வீட்டுக்குள்ள வந்து நகைய வச்சிட்டா போவான்?"

இந்த முறை சிரிப்பு பெரிதாக வந்தது. சிரிப்பு அடங்கும்வரை இவர் காத்திருந்தார். பழைய நடுவர் இல்லையா, காத்திருக்கத் தெரியும்.

"எனக்க போனத் தெறக்குற நம்பர் வீட்டுக்கு வெளிய ஒருத்தனுக்குத்தான் தெரியும். அதைப் போட்டுத் தந்தவன் நீ. நீதாண்டே ததேயு மாத்தியிருக்க."

ததேயுவின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. "அண்ணே, நானா? எனக்க அப்பா மாதிரில்லா உங்கள நெனச்சிருக்கேன்." அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது ஆண். பிறகு அவன் இவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எப்போதிலிருந்து இவர் இப்படி, டீச்சர், என்று கேட்கிற பார்வை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். அந்த ஒரு குனிதலில் அவர்கள் எல்லோருக்கும் பதில் கிடைத்துவிட்டது.

இவர் சொன்னதில் ஒரே ஒரு பெயர்தான் தவறு. மற்றதெல்லாம் உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் இவரை நோயாளி என்று முடிவு செய்தார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

பூசைக்குப் போகவில்லை.

நவம்பர் 6, வியாழன்

ததேயு சொல்லி லிஜோ கூப்பிட்டான். அவனே டாக்டருக்குப் பேசி, இன்றைக்கு நேரம் வாங்கினான். டாக்டர் இவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டார். பொருள்களை யாரோ எடுக்கிறார்கள், மாற்றுகிறார்கள் என்று சொல்கிறாராமே? ஆமாம் என்றேன். அது பொய்தானே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

சீட்டில் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன். பிள்ளைகளின் நோட்டைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண். 'பிறர்மேல் ஆதாரமற்ற சந்தேகம்.' அதற்கு ஒரு மாத்திரையும் எழுதினார். தூக்கம் வரும், கொஞ்சம் மந்தமாக இருப்பார் என்றார்.

மாத்திரை அலமாரியில் இருக்கிறது. கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பேன்? என் குற்றத்துக்கு இவருக்கு மாத்திரையா?

நவம்பர் 8, சனி

மூன்று மணிக்குப் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"டீம் போடல்லியா?"

"எதுக்கு? நான் ஒண்ணு போடுவேன், வேற ஒண்ணு வரும். சொன்னா பைத்தியம்பானுவ." சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "ஒருவேள நான்தான் மாத்திட்டு மறந்துட்டேனோ பெர்ணா? அப்பிடியும் இருக்கும் இல்லியா? நீயே சொல்லு."

நாலரை வரை கட்டிலருகே நின்றேன்.

தன் கண்ணையே இவர் நம்பாமல் போகிறார். நோய் இதைச் செய்யவில்லை.

நவம்பர் 10, திங்கள்

இவரை வற்புறுத்தி வாசகசாலைக்கு அழைத்துப் போனேன். ததேயு பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டான். அந்த மரியாதையே முள்ளாகக் குத்தியது.

முப்பத்தாறு வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். இன்று ததேயுவின் பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஒரு விஷயம் சொல்லணும். நடுவுல யாரும் பேசாதீங்க, பேசினா நான் நிறுத்திருவேன். இவரு டீமை மாத்துனது நான்தான். செப்டம்பர் பதிமூணாம் தேதியிலேருந்து. இவரு தூங்கும்போ. ததேயு இல்ல. வேற யாரும் இல்ல. போன திங்கக்கிழம இவரு இங்க நின்னு சொன்னது அத்தனையும் சத்தியம். நான் தெரிஞ்சே வாயடைச்சி இருந்தேன். இவரு போட்ட டீம்ல தப்பு வந்துச்சு. அது உங்க கண்ணுல படக்கூடாதுன்னு செய்தேன். எனக்க கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான்."

நடுவில் பேசாதீர்கள் என்று சொன்னவள், முடித்த பிறகு யாராவது பேசமாட்டார்களா என்று தவித்தேன்.

இவர் எழுந்தார். என்னைக் கடந்து ததேயுவிடம் போனார். "ததேயு, நான் தப்பா ஊதிட்டேண்டே. ஒனக்க மேல தப்பு இல்ல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க, அவன் மேல தப்பு இல்ல."

ததேயு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இவர் அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு எனக்கு முன்னால் தனியாக நடந்தார். வழி தவறுமோ என்று இருபதடி பின்னால் நானும் நடந்தேன்.

லிஜோவுக்கு நானே சொன்னேன்.

"நான் அந்த டீமைப் பாத்துல்லாம்மா அப்பாவ அளந்தேன்." பிறகு, "எனக்கு ரெண்டு மார்க் போடாத ஆளு நீங்க" என்றான். சிரிக்க முயன்றான், வரவில்லை. டிசம்பர் ஐந்தாம் தேதிக்கு டிக்கெட் எடுக்கிறானாம்.

நவம்பர் 13, வியாழன்

மூன்று நாட்களாக இவர் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுகிறார். காலண்டர் தாள்களை வைத்து, ஆறு வாரத்துக்கும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: நான் கை வைக்காமல் இருந்திருந்தால் இவருக்கு எத்தனை புள்ளி? தாளில்லாத அந்த முதல் வாரத்தில் நெட்டையனின் மூன்று கோலையும் கழித்தேன். விடை: பதினான்கு பேரில் பதினான்கு. தாளைக் கொண்டுபோய் இவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

டாக்டரிடம் போனோம். எல்லாவற்றையும் சொன்னேன், இந்த முறை இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. டாக்டர் கோபப்பட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பழைய சீட்டை எடுத்து அந்த வரியைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த மாத்திரை வேண்டாம் என்றார். ஸ்கேன் எழுதினார். நோயின் பெயரைச் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. மறதிக்கான மருந்தை இன்றே தொடங்கவேண்டுமாம். குணமாக்காது, இறக்கத்தைக் கொஞ்சம் மெதுவாக்கலாம்.

இவர் கேட்டார்: "எத்தன நாளைக்கு டாக்டர், எனக்க டீம நானே போடலாம்?"

"தெரியாது ஐயா. போட முடியுற வரைக்கும் போடுங்க."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். திங்கள்சந்தை தாண்டிய பிறகு, வெளியே பார்த்தபடியே பேசினார்.

"நல்லா ஆடாதவன் கால்ல பந்து இருக்குன்னு வையி. ரெப்ரி ஓடிப்போயி அவனுக்காகக் கோல் அடிச்சுக் குடுக்கலாமா பெர்ணா?"

"கூடாது."

"அவன் பாவம்னு நெனச்சி அடிச்சாலும்?"

"கூடாது."

ஊர் வந்ததும், படியில் இறங்க எனக்குக் கை கொடுத்தார்.

நவம்பர் 22, சனி

நெத்திலி வாங்கினேன். வேண்டுமென்றே நெத்திலி. கிள்ளி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும், கை முழுக்க செதிலும் நாற்றமும் இருக்கும், போனைத் தொடமுடியாது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து அணி போட்டார். மூன்று மணிக்குத் தொடங்கினார். ஒரு பெயரைத் தேட ஐந்து நிமிடம், பத்து நிமிடம். தேடியது யாரை என்று மறந்து மறுபடி முதலிலிருந்து. நான் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ தேர்வுகளுக்குக் கண்காணிப்பாளராக நின்றிருக்கிறேன். ஒரு பிள்ளை தெரிந்த கேள்விக்குத் தவறாக எழுதுவதை முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதைவிடக் கொடுமை வேறு இல்லை என்று அப்போது நினைப்பேன். அது கொடுமையே இல்லை.

நான்கு மணிக்கு எட்டிப் பார்த்தேன். மூன்று பேர் அடிபட்டவர்கள். வெளியே நல்லவர்கள் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் இடம் காலியாக இருந்தது.

"நீயாயிருந்தா யாரைப் போடுவ?" என்று கேட்டார்.

கேட்டதால் சொன்னேன். "நெட்டையனை."

யோசித்தார். "நல்ல ஆளுதான். ஆனா நீ சொல்லி நான் போட்டா பாதி ஒனக்க டீம் ஆயிரும்." வக்கீல் பெயரில் விரலை வைத்தார். ஒரு தடுப்பாட்டக்காரரை யாரும் கேப்டனாகப் போடமாட்டார்கள். "இவன் என்கூட முப்பது வருஷம் சண்ட போட்டவனுவ மாதிரியே இருக்கான். இவன் இருக்கட்டும்."

நாலரைக்குக் கதவு அடைத்தது. நெத்திலி ஒரு கிலோவும் முடிந்திருந்தது. கையைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

நவம்பர் 24, திங்கள்

ததேயு பழைய வாரங்களையும் திருத்தி, பட்டியலைப் புதிதாக எழுதியிருந்தான். இந்த வாரம் இவருக்குப் பதினாறு புள்ளி. மொத்தத்தில் கடைசி. யாரும் சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. இவருக்கும் பிடிக்கவில்லை போல.

"என்னடே, எழவு வீடா இது? கோல் போஸ்ட்டுக்கு வெள்ளையடிக்க ஆளு கெடச்சதுக்குச் சந்தோசப்படுங்கடே."

"அண்ணே, போஸ்டு உயரம் எட்டடி. நீங்க ஏணி ஏறுவியளா?" என்றான் ததேயு.

"நீ ஏணியப் பிடி. ஒன்ன நம்புதேன்."

அப்போது சிரித்தார்கள். முன்போலவே சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது சூரியன் கடலுக்குள் இன்னும் இறங்கவில்லை. இவர் என் தோளில் கை வைத்து நடந்தார். வழியோர மாதா குருசடிச் சிற்றாலயம் தாண்டியதும், "நான் எத்தனாவது?" என்று கேட்டார். பதினான்கு என்றேன். தலையாட்டினார். மீன் ஏலக் கூடத்துக்குப் பக்கத்தில் மறுபடி கேட்டார். பதினான்கு என்றேன். "எத்தன பேர்ல?" பதினான்கு பேரில். "சவத்த விடு," என்று சிரித்தார். எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்போது, புதிதாகக் கேட்பதுபோல முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"பெர்ணா, இந்த வாரம் நான் எத்தனாவது?"

பதினான்கு என்றேன்.